ஊத்துக்காடு சும்மா கெடக்கு

"அங்க வச்சுட்டுப் போ. எங்கம்மா எடுத்துக் குடுக்கும்."

திருமலைச்சாமி சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். அன்னக்கொடி வரக்காப்பி டம்ளரை முக்காலியில் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். அவள் தலை மறைந்ததும் மாமியார் கந்தம்மாள் எழுந்து, அதே முக்காலியிலிருந்து டம்ளரை எடுத்து, பக்கத்திலேயே இருந்த மகனிடம் நீட்டினாள். நாலு மாதமாக இந்த வீட்டில் காப்பி இப்படித்தான் போய்ச் சேருகிறது. போட்டவள் கை ஆகாதாம், காப்பி மட்டும் ஆகுமாம்!

அன்றைக்கு விடிந்ததிலிருந்தே வீடு நிலைகொள்ளவில்லை. பதினோரு மணிக்குக் கூக்கால் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நில விசாரணை. திருமலைச்சாமி மூன்று தடவை சட்டை மாற்றினார். வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். அடிக்கிற செல்போனை எடுக்காமல் முறைத்துப் பார்த்தார். பட்டா நகலையும் மனுவையும் ஒரு துணிப்பையில் திணித்தபோது கந்தம்மாள் பதறினாள்.

"ஏலே, மஞ்சப்பையில வைக்காதடா! ஊரு சிரிக்கும்!"

அவர் பையைப் பார்த்தார். மஞ்சள்தான். காகிதங்களை உருவிக்கொண்டு பையை மூலையில் வீசினார். வீசிய கையோடு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"இந்தா... நீ இன்னைக்குக் கூடத்துப் பக்கம் வரக்கூடாது. வந்து எவன்கிட்டயாவது எதையாவது சொல்லித் தொலைச்சது போதும்!"

"நான் ஓரமாத்தான் நிப்பேங்க... அது நம்ம காடுங்க..."

"நம்ம காடா?" கந்தம்மாளுக்குக் குரல் ஏறியது. "தம்பிக்கு வீடு வேணும்னு தாலி கட்டினவன் காட்டைத் தூக்கிக் குடுத்தவளுக்கு நம்ம காடா? இருபத்தி ரெண்டு வருசம் இந்த வீட்டுச் சோத்தத் தின்னுட்டு... உனக்கெல்லாம் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா!"

அன்னக்கொடி அரிசி களைந்த தண்ணீரை வடித்தாள். தண்ணீரோடு கொஞ்சம் அரிசியும் போய்விட்டது. அதைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

வினை ஒரு வரைபடத்தில் வந்தது. வைகாசியில் பஞ்சாயத்துச் சுவரில் அதை ஒட்டினார்கள். மலைக் கிராமங்களில் வீடு எங்கே கட்டலாம், விவசாயம் எங்கே நடக்கும் என்று பிரித்துக் காட்டுகிற வரைபடம். வீட்டுக்கு மஞ்சள், வெள்ளாமைக்குப் பச்சை. திருமலைச்சாமியின் மூன்று ஏக்கர் ஊத்துக்காடு, மலைப்பூண்டு விளைகிற அருமையான படிக்கட்டு நிலம், மஞ்சளாக இருந்தது. கீழே பொடி எழுத்தில், 'பயன்பாடின்றி உள்ளது. வீட்டுமனைகளுக்கு எடுத்துக்கொள்ளலாம்' என்று ஒரு குறிப்பு.

அந்தக் காட்டின் ஊற்றிலிருந்துதான் கீழே நாற்பது குடும்பத்துப் பூண்டுக்கும் கேரட்டுக்கும் தண்ணீர் இறங்குகிறது. அவர்கள் எல்லாரும் பச்சைக் கட்சி. ரோட்டுக்குக் கீழே சரிவில் தகரக் கொட்டகைகளில் பதினாலு குடும்பம் இருந்தது. போன ஐப்பசி மழையில் மண் சரிந்து அதில் இரண்டு கொட்டகை போயிற்று. அவர்களுக்கு அரசாங்க வீடு வரவேண்டுமென்றால் மஞ்சள் இடம் வேண்டும். அவர்கள் எல்லாரும் மஞ்சள் கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் சண்டைக்குக் குறைவே இல்லை. டீக்கடை பெஞ்சு இரண்டாகப் பிரிந்தது. மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போன ஒருத்தியை வழிமறித்து, எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்தப் பதினாலில் ஒரு கொட்டகை அன்னக்கொடியின் தம்பி தங்கமுத்துவுடையது.

திட்டக்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்டபோது, "உங்க வீட்டு ஆளுங்கதான் நிலம் சும்மா இருக்குன்னு சொல்லியிருக்காங்க" என்று பதில் வந்தது. மாசி மாதம் கணக்கெடுக்க வந்த பெண்ணுக்கு அன்னக்கொடி காப்பி போட்டுக் கொடுத்து, வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்ததை ஊரே பார்த்திருந்தது. போதாக்குறைக்கு, ரோட்டோரம் தண்ணீர் ஏறாத மேட்டுக்காடு ஒரு ஏக்கரை வீட்டுமனைக்குக் கொடுக்கலாமே என்று அவள் முன்னால் ஒரு தடவை சொல்லியிருந்தாள். ஆறு பேரிக்காய் மரம் நிற்பதால் அது வரைபடத்தில் பச்சை. அங்கே டூரிஸ்டுகளுக்குக் காட்டேஜ் கட்ட வேண்டும் என்பது திருமலைச்சாமியின் பல வருஷ ஆசை. அவ்வளவு போதாதா? சொன்னது அவள்தான் என்று ஊரும் வீடும் ஒரே நாளில் முடிவு கட்டிவிட்டன.

உண்மையில் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியும். அவள் காதாலேயே கேட்டாள்.

கணக்கெடுப்பு நடந்த அன்றைக்கு அவள் காட்டுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தாள். மேல் வரப்பில் நின்றபடி பார்த்தாள். தைப் பூண்டை எடுத்துவிட்டு, சாணிக்குப்பை கொட்டிக் கொத்தி, வைகாசி நடவுவரைக்கும் மண்ணை ஆறப் போட்டிருந்த நேரம். கணக்கெடுக்கும் பெண், "ஐயா, நிலத்துல இப்ப என்ன இருக்கு?" என்று கேட்டாள். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த திருமலைச்சாமி நிமிராமல் சொன்னார்: "என்ன இருக்கு... சும்மா கெடக்கு."

ஆறப்போட்ட மண்ணை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பழனியில் படித்துவிட்டு வந்த அந்தப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? 'பயன்பாடின்றி' என்று எழுதிக்கொண்டு, கையிலிருந்த, செல்போன் மாதிரிப் பெரிய கண்ணாடிப் பலகையை நீட்டினாள். காட்டெருமை மேய்ந்த சேதத்தைத்தான் கணக்கெடுக்கிறார்கள் என்று நினைத்து, அவர் அதில் விரலால் கையெழுத்துப் போட்டுவிட்டு அதோடு மறந்தும் போனார்.

வரைபடம் வந்த அன்று வாசல் கொள்ளாமல் ஆட்கள். அத்தனை பேர் நடுவிலும், "நீயாடி சொன்ன?" என்று அவர் கேட்டார். நீங்கதானேங்க என்று சொல்ல வாயெடுத்தாள்... அடக்கிக்கொண்டாள். ரோடு கேட்டு மனு என்று நம்பி அவருடைய அப்பா வைத்த கைநாட்டில் இரண்டு ஏக்கர் போனது ஊரறிந்த கதை. 'கைநாட்டு வீடு' என்றே இந்த வீட்டுக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரை அழிக்கத்தான் திருமலைச்சாமி பத்தாவது வரை படித்தார், எந்தக் காகிதத்தையும் மூன்று தடவை படிக்காமல் தொடமாட்டார். அன்று பச்சைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தலைவராக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த ஆளை அத்தனை பேர் முன்னால் எப்படிக் கவிழ்ப்பது? தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்தத் தனிமை கிடைக்கவே இல்லை. அன்றிலிருந்து அவர் படுக்கை காட்டுக் காவல் குடிசைக்குப் போய்விட்டது. பேச்சு நின்றது. பிறகு, சொன்னாலும் நம்புவாரா என்ற பயம் வந்தது.

போகக்கூடாது என்றவர் பேச்சை, விசாரணை அன்று முதல் தடவையாக அவள் மீறினாள். அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையைப் போர்த்திக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

உள்ளே ஒரே இரைச்சல். பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் நின்றுகொண்டாள். முன்னால் மேஜை போட்டு விசாரணை அதிகாரியம்மா உட்கார்ந்திருந்தார். திருமலைச்சாமி மனுவைப் படித்தார். ஊற்று, நாற்பது குடும்பம், மூணு தலைமுறைப் பூண்டு என்று கணீரென்று படித்தார். பச்சைக்காரர்கள் கை தட்டினார்கள். அதிகாரியம்மா தலையாட்டிவிட்டுக் கேட்டார்.

"சரி, இப்ப நிலத்துல என்ன பயிர் நிக்குது?"

"இப்ப ஒண்ணும் இல்லைங்க மேடம். ஆவணிப் பூண்டு எடுத்தாச்சு. சும்மா கெடக்கு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. அதிகாரியம்மா நிமிர்ந்தார். பக்கத்தில் இருந்த உதவியாளர் கண்ணாடிப் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"மேடம், மாசியிலயும் இதே வார்த்தையைத்தான் குறிப்புல எழுதியிருக்காங்க. நிலத்துக்காரர் தரப்புல கையெழுத்தும் இருக்கு."

"யார் கையெழுத்து? பேரைப் படிங்க."

திருமலைச்சாமி அந்தக் கண்ணாடிப் பலகையையே பார்த்தார். மண்வெட்டி, கண்ணாடிப் பலகை, விரல்... எல்லாம் அந்த நொடியில் அவருக்கு ஞாபகம் வந்ததை அன்னக்கொடி பார்த்தாள். கூடம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"படிக்காதீங்க சார்!"

அவள்தான். எப்படி முன்னால் வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"பேரு எதுக்குங்கம்மா? யாரு சொன்னா என்ன... சொன்ன வார்த்தை பொய் இல்ல. நீங்க எழுதிக்கிட்ட அர்த்தந்தான் தப்பு!" அவள் நிறுத்தவில்லை. "பிள்ளை பெத்தவள நாப்பது நாளைக்குச் சும்மா படுக்கப் போடுறோம். அவ ஒண்ணுக்கும் ஆகாதவன்னா அர்த்தம்? எங்க மண்ணும் அப்படித்தாங்க. பூண்டு பெத்துட்டுக் கெடக்கு. குப்பை கொட்டி, கொத்தி, ஐப்பசி நடவுக்குத் தெம்பு ஏத்தப் போட்டிருக்கோம். அதத்தான் சும்மா கெடக்குன்னு சொல்றது. நம்பிக்கை இல்லைன்னா வந்து மண்ணை அள்ளிப் பாருங்க. சாணி வாசம் போகாது கையை விட்டு!"

அதிகாரியம்மா பேனாவை மூடினார்.

"மதியம் நேர்ல வந்து பாக்குறேம்மா. நீங்க சொல்றபடி இருந்தா மாத்தி எழுதுறேன்."

பச்சைக்காரர்கள் விசிலடித்தார்கள். அந்தச் சத்தத்தைப் பிளந்துகொண்டு ஒரு குரல் வந்தது.

"அப்ப எங்களுக்கு, அக்கா?"

தங்கமுத்து நின்றுகொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. "உன் புருசன் காட்டக் காப்பாத்திட்ட... எங்களுக்குத் தகரமும் சேறுந்தானா? நாங்க செத்தா உனக்கு என்ன!"

"முத்து... அந்த எடத்துல கையால தோண்டினாத் தண்ணி வரும்டா. அங்க வீடு கட்டினா மறுபடியும் மண்ணு சரிஞ்சு உன் பிள்ளைக உள்ள போகும்டா..."

"வேணாம் அக்கா. பேசாத!"

அவன் வெளியே போனான். அன்னக்கொடி கணவனைப் பார்த்தாள். 'நான்தான் சொன்னேன்' என்று இப்போதாவது சொல்லுவாரா? ஒரு வார்த்தை! திருமலைச்சாமி மனுவை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். பச்சைக்காரர்களில் வாய்க்கொழுப்புப் பிடித்த சேனாதிபதி, "தானே கெடுத்தா, தானே சரி பண்ணிட்டா... நல்ல பொம்பள!" என்று சிரித்தபோதும் அவர் தலை நிமிரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு மனசு விட்டுப் போயிற்று. நாலு மாதம் மாமியார் பேசியபோது விட்டுப்போகாதது, காப்பி முக்காலியில் ஆறியபோது விட்டுப்போகாதது, அந்தச் சிரிப்பில் விட்டுப் போயிற்று.

வீட்டுக்குப் போய் இரண்டு புடவையைப் பையில் வைத்தாள். முதலில் தம்பி கொட்டகைக்குத்தான் நடந்தாள். அவன் பெண்டாட்டி நதியா வாசல் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வராதீங்க மதினி. உங்க தம்பி உள்ள அழுதுக்கிட்டு இருக்காரு. வீடு வந்துரும், வீடு வந்துரும்னு பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித் தூங்க வச்சேன்... இப்ப என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க!"

நதியாவின் தோளைத் தொடப் போன அன்னக்கொடி, தொடாமல் திரும்பினாள். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. புகுந்த வீடும் போயிற்று, பிறந்த வீடும் போயிற்று! இனி பழனியில் நர்சிங் படிக்கிற மகள் சௌம்யா ஒருத்திதான். ஹாஸ்டலில் தங்க விடுவார்களோ என்னமோ, அதைக்கூட அவள் யோசிக்கவில்லை.

இரண்டு மணி பஸ்ஸை விட்டால் சாயங்காலம்தான் அடுத்தது. அதனால் பஸ் நிறுத்தத்தில் விசாரணைக்கு வந்த கூட்டமே நின்றது. அவளையும் பையையும் பார்த்ததும் பேச்சு அடங்கியது. அவள் யாரையும் பார்க்காமல் ரோட்டு வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது.

திருமலைச்சாமி மூச்சிரைக்க வந்தார். பின்னால் கந்தம்மாள், செருப்புகூடப் போடாமல். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தார்.

"வா புள்ள... வீட்டுக்குப் போவோம். எல்லாரும் பாக்குறாக..."

அன்னக்கொடி திரும்பினாள்.

"திட்டும்போது எல்லாரும் பார்க்கத்தானேங்க திட்டினீங்க? கூப்பிட மட்டும் காதுக்குள்ள வந்து கூப்பிடணுமா?"

அவர் பைக்குக் கை நீட்டினார்; அவள் கொடுக்கவில்லை.

"நாலு மாசம்! பெத்த மககூடப் போன் பண்ணி, 'அம்மா, நீதான் சொன்னியாம்மா'ன்னு கேட்டா. நீங்க ஒரு நாள்... ஒரே ஒரு நாள் என்னத் தனியாக் கூப்பிட்டு, என்ன நடந்துச்சு அன்னம்னு கேட்டிருந்தாப் போதும். உங்க பேரு கெடக்கூடாதுன்னுதான் வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். எம் பேரு கெடட்டும்னு நீங்க விட்டுட்டீங்க. அப்பத் தெரியாம விட்டீங்க, சரி. இன்னைக்கு? கூடத்துல வச்சு உங்களுக்கே தெரிஞ்சு போச்சே... அப்பவும் விட்டுட்டீங்களே!"

அதைச் சொன்னபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நாலு மாதத்து அழுகை. பஸ் வளைவில் ஹார்ன் அடித்தது. திருமலைச்சாமி பஸ்ஸைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு டீக்கடைப் படியில் ஏறி நின்றார். குரல் கூடத்தில் படித்தது மாதிரிக் கணீரென்று இல்லை, உடைந்து வந்தது.

"எல்லாரும் கேளுங்கப்பா! சொன்னது நான்தான்... மாசி மாசம் சும்மா கெடக்குன்னு சொன்னதும் நான்தான், கையெழுத்துப் போட்டதும் நான்தான்! எங்கப்பன் எழுதப் படிக்கத் தெரியாமப் போட்டாரு... நான் பத்தாவது படிச்சும் பாக்காமப் போட்டேன். இவ ஒரு வார்த்தை சொல்லல. இவளுக்கு எல்லாம் தெரியும். எனக்காகத் திட்டு வாங்கினா!"

யாரும் சிரிக்கவில்லை. சேனாதிபதிகூடத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். கந்தம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மருமகளின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கன்னத்தில் அறைந்துகொண்டாள்.

"அடி, அன்னம்... அடிடி என்னை! வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேனே, பாவி நானு... கேட்டுக்கிட்டு எப்படித்தாயி இருந்த!"

"அத்தை... விடுங்க அத்தை..." அன்னக்கொடி கையை உருவி அவளைக் கட்டிக்கொண்டாள். எத்தனை பேசியிருந்தாலும், பிரசவத்தில் தன் தலையை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவள் இவள்தானே.

திருமலைச்சாமி படியை விட்டு இறங்கவில்லை. "இன்னொண்ணு!" என்றார். கூட்டத்தின் ஓரத்தில் சத்தம் கேட்டு வந்து நின்ற தங்கமுத்துவைப் பார்த்துச் சொன்னார். "மேட்டுக்காடு ஒரு ஏக்கர். காட்டேஜ் கட்டணும்னு பத்து வருசமாப் பிடிச்சு வச்சிருக்கேன். அதான்டா நெசமாவே ஒண்ணுக்கும் ஆகாமக் கெடக்கு. உங்க அக்கா அன்னைக்கே சொன்னா, நான் கேக்கல. பதினாலு வீட்டுக்கும் அதை எழுதிக் குடுக்குறேன்."

தங்கமுத்து நம்பாமல் நின்றான். பிறகு, "அக்கா..." என்று ஓடிவந்து, அவள் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் அவன் தலைமயிரைப் பிடித்து ஆட்டினாள். சின்ன வயதில் அடிக்க வேண்டிய நேரத்தில் அப்படித்தான் செய்வாள்.

"ஏறுறீங்களாம்மா, இல்லையா?" கண்டக்டர் அலுத்துக்கொண்டார்.

"நீங்க போங்க தம்பி," என்றாள் அன்னக்கொடி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனிடம் திரும்பினாள். "வாய்ச்சொல்லு காத்தோட போயிரும். அதிகாரியம்மா இப்ப ஊத்துக்காட்டுலதான் நிப்பாங்க. அவுங்க வண்டி ஏறுறதுக்குள்ள எழுதிக் குடுத்துரணும். வெரசா வாங்க!"

அவள் முன்னால் நடந்தாள். பச்சையும் மஞ்சளுமாக ஊரே பின்னால் நடந்தது.

அதிகாரியம்மா ஊத்துக்காட்டு மண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எழுத்துல குடுங்க, ரெண்டையும் மாத்தச் சொல்லிப் பரிந்துரை பண்றேன். முடிவு மேல எடுப்பாங்க. எடத்துக்கு இன்னைக்கே எல்லை காட்டிடுங்க, போட்டோ எடுத்துக்கணும்" என்றார். திருமலைச்சாமி வரப்பில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்.

மேட்டுக்காட்டுக்குப் போய்ச் சேரும்போது தூறல் பிடித்துவிட்டது. தங்கமுத்து கடப்பாரை கொண்டுவந்தான். யாரோ யூகலிப்டஸ் கம்புகளைச் சீவி முளை செதுக்கினார்கள். நதியா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, மதினியின் முகத்தைப் பார்க்க முடியாமல் பேரிக்காய் மரத்தடியில் நின்றாள். அன்னக்கொடி கடைசிப் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆளாளுக்கு, இங்கேயிருந்து அள, அங்கேயிருந்து அள என்று கத்தினார்கள்.

திருமலைச்சாமி முதல் முளையைக் கையில் எடுத்துக்கொண்டு, கத்துகிறவர்களை எல்லாம் கடந்து அவளிடம் வந்தார்.

"சொல்லு அன்னம். எங்க அடிக்கட்டும்?" என்று கேட்டார்.